நெட் போனால் வரும் டைனோசர்

தயிர்சாத டப்பாவை மூடியதும் முசிறிக் கடைத்தெரு கம்ப்யூட்டர் சென்டர்களில் சிலர் இணையம் அறுந்தால் தேவலை என்றிருப்பார்கள். அப்போதுதானே குரோமில் அந்தச் சாம்பல்நிற டைனோசர் வரும்! கூகுள் 2014-இல் தந்தது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓடும்; கள்ளி வந்தால் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். போகப்போக வேகம் கூடி விரல் பதறும். 700 புள்ளியில் திரை இருண்டு இரவாகும். கடைசிவரை ஓட 1.7 கோடி ஆண்டு ஆகுமாம். டி-ரெக்ஸ் பூமியில் வாழ்ந்த காலக்கணக்கு என்று உருவாக்கியவர்களே குறும்பாகச் சொன்னார்கள். விளம்பரமில்லை, காசு கேட்காது, முதலாளி வந்தால் சட்டென மூடலாம். சாப்பாட்டு இடைவேளைக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது. நெட் இருக்கும்போதும் ஆட ஆசையா? முகவரிப் பெட்டியில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, டைனோ என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள்.