மணிமேகலையும் குற்றாலக் குறவஞ்சியும்

மணிமேகலை பௌத்த நூலாயினும் தமிழ் நூலாதலின், சைவரும் நடுநின்று ஆராய்தற்குரியது. காமத்தைக் குற்றமென விலக்கும் அந்நூல், காமத்தாற் பழிபட்டாரைத் தள்ளிற்றிலது. கணிகையாகிய மாதவிக்கு அறவண அடிகள் ஐவகைச் சீலம் உபதேசித்தார். கற்பு வழுவிய சாலியின் மகன் ஆபுத்திரன், பிறப்புப்பற்றி வேதியரால் இகழப்பட்டும், மதுரையிற் சிந்தாதேவிபால் அமுதசுரபி பெற்றான். குற்றங் கடிதலும் குற்றப்பட்டார்க்கு இரங்குதலும் தம்முள் மாறுகொள்ளா என்பது இதனாற் பெறப்படும். இது சைவர்க்கும் உடன்பாடே. உருத்திரகணிகையர் குலத்துதித்த பரவையாரை நம்பியாரூரர்க்கு மணம்புணர்வித்தவர் ஆரூர்ப்பெருமானன்றோ?

எனினும், மணிமேகலை காமத்தை அறுத்தலையே முடிபாகக் கொண்டது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியிலோ, வசந்தவல்லியின் காமம் குற்றாலநாதரைப் பற்றிப் பத்தியாகின்றது. வேரொடு களைதலினும் இறைவன்பாற் செலுத்துதல் உயிர்க்கு எளிது. இவ்வெளிய நெறியைக் கைக்கொண்ட சைவர், பழிபட்டாரை இகழ்ந்து ஒதுக்குவராயின், அறவண அடிகளுக்குப் பிற்பட்டவரேயாவர்.