லேசர் வெட்டு: விளிம்பின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது?

மெல்லிய எஃகுத் தகட்டை லேசரில் வெட்டிக் கொடுக்கும் பட்டறைகளில் விளிம்பின் தரம் பெரும்பாலும் கண்பார்வையிலேயே முடிவாகிவிடுகிறது. நைட்ரஜனில் வெட்டிய விளிம்பு பளிச்சென்று இருந்தால் நல்ல வேலை. ஆக்சிஜனில் வெட்டியது கறுத்திருந்தால் மட்டமான வேலை. இந்த வழக்கத்தில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். வெட்டிய பாகம் மேசையை விட்டு இறங்கியதும் வளைக்கப்படுகிறது, வெல்டிங்குக்குப் போகிறது, பவுடர் கோட்டிங் ஏறுகிறது, கடைசியில் யாரோ ஒருவர் கையில் படுகிறது. அந்த அடுத்த வேலையை விளிம்பு தாங்குமா என்பதுதான் தரத்தின் அளவுகோலாக இருக்க வேண்டும். பளபளப்பு அந்தக் கேள்விக்கு ஒரு பகுதி விடையை மட்டுமே தரும்.

முதலில் அந்த வழக்கத்தின் நியாயத்தைப் பார்ப்போம். 1967இல் இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் 1 மி.மீ. எஃகுத் தகட்டைக் கார்பன் டை ஆக்சைடு லேசரால் வெட்டியபோது துணைக்கு நின்றது ஆக்சிஜன்தான். இரும்பு ஆக்சிஜனோடு எரிந்து வெப்பம் தருவதால், குறைந்த சக்தி கொண்ட லேசரே போதுமானதாக இருந்தது. அதற்கு விலையாக விளிம்பில் ஆக்சைடு படலம் மிஞ்சுகிறது. அதன்மேல் பூசும் பெயின்ட் இரும்பைப் பிடிப்பதில்லை, படலத்தைத்தான் பிடிக்கிறது. படலம் உதிரும்போது பெயின்ட்டும் சேர்ந்தே உதிர்கிறது. நைட்ரஜன் எரிவதில்லை. லேசர் உருக்கிய உலோகத்தை உயர் அழுத்தத்தில் ஊதித் தள்ளுவதே அதன் வேலை. ஆகவே பெயின்ட் ஏறப்போகும் பாகத்துக்கு நைட்ரஜன் வெட்டு உண்மையிலேயே மேலானது. அதற்குச் செலவு அதிகம் என்ற வாதமும் முழுதாக நிற்காது. சக்தி மிகுந்த ஃபைபர் லேசர்கள் மெல்லிய தகட்டை ஆக்சிஜனைவிட நைட்ரஜனில் பல மடங்கு வேகமாக வெட்டுகின்றன. படலத்தை உரசி எடுக்கும் கூலியும் மிச்சமாகிறது.

ஆனால் பளபளப்பு சில குறைகளைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. ஆக்சிஜன் வெட்டின் அடியில் ஒட்டும் கசடு பெரும்பாலும் ஆக்சைடு. நொறுங்கும் தன்மையுள்ளது, தட்டினாலே உதிரும். நைட்ரஜன் வெட்டின் அடியில் தொங்கும் பர், உருகி உறைந்த உலோகமே. அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கத்திபோல் கூராக இருக்கும். வேகம் பொருந்தாவிட்டாலும், ஃபோகஸ் விலகினாலும் அது வளரும். நாசில் மையம் தப்பினால் ஒரு பக்கம் மட்டும் பர் கட்டும். வளைக்கும்போது அந்தப் பக்கம் வெளிப்புறமாக அமைந்தால், இழுபடும் இடத்தில் விரிசலுக்கு அது வித்தாகிறது. கன்ட்ரோல் பேனலுக்குள் இருந்தால் வயரின் உறையைக் கிழிக்கிறது. பர் இல்லாத விளிம்பிலும் சிக்கல் உண்டு. கூரான முனையில் பவுடர் உருகும்போது பின்வாங்கி மெலிந்துவிடும். துரு முதலில் தலைகாட்டுவது அங்கேதான். இவற்றில் எதையும் விளிம்பின் பளபளப்பு நமக்குச் சொல்வதில்லை.

கண்ணை நம்ப வேண்டாம், அதற்குத்தான் ஐஎஸ்ஓ 9013 இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். அந்தத் தரநிலை பயனுள்ளதுதான். வெட்டு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது, முகம் எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது என்ற இரண்டையும் அளந்து வகை பிரிக்கிறது. தடித்த தட்டுகளுக்கு அந்த இரண்டும் உயிர்நாடி. ஆனால் 1 அல்லது 2 மி.மீ. தகட்டில் சாய்வும் சொரசொரப்பும் பெரும்பாலும் சிறியவையே. தகராறு வருவது பர், ஆக்சைடு, கூர்முனை ஆகியவற்றில். அந்த இரண்டு அளவுகளும் இவற்றைப் பிடிப்பதில்லை. அதனால் நல்ல எண்ணோடு தேறிய பாகம் பெயின்ட் பூசும் இடத்திலிருந்து திரும்பி வருவதில் வியப்பில்லை.

ஒவ்வொரு வேலைக்கும் தரத்தை மாற்றினால் பட்டறையில் குழப்பம்தான் மிஞ்சும், எல்லாவற்றையும் நைட்ரஜனிலேயே வெட்டுவது எளிது என்பது அடுத்த ஆட்சேபம். இது நடைமுறை சார்ந்த வாதம், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கேஸை மாற்றுவது இங்கே முக்கியமல்ல. எதிர்பார்ப்பை எழுதி வைப்பதுதான் முக்கியம். பர் எவ்வளவு உயரம் வரை இருக்கலாம், எந்தப் பக்கம் இருக்கலாம், ஆக்சைடு ஏற்கத்தக்கதா, முனையை மழுக்க வேண்டுமா: இந்த நான்கும் டிராயிங்கில் இருந்தால் போதும். பின்னால் அமிலத்தில் கழுவப்போகும் பாகத்துக்கு ஆக்சிஜன் வெட்டே போதுமா, மறைவாக உள்ளே பொருந்தும் பிராக்கெட்டுக்கு மலிவான அழுத்தக் காற்று போதுமா என்பதை அப்போது பட்டறையே கணக்கிட்டுச் சொல்லும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதால் விளிம்பு சற்று மங்கும். பெயின்ட் அதில் பிடிக்கிறதா என்று ஒரு துண்டில் சோதித்துவிட்டு இறங்கலாம். நைட்ரஜன் வெட்டைக் கைவிடச் சொல்லவில்லை. அதைத் தரத்தின் மறுபெயராக்குவதைத்தான் கைவிட வேண்டும். விளிம்பு என்ன வேலை செய்யப்போகிறது என்பதை எழுதித் தரும் பொறுப்பு வடிவமைப்பாளருடையது. அவர் அதை எழுதாத வரை, மெஷினில் நிற்பவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.