எண்பது சதவீதம்: யார் வைத்த பரீட்சை?

நம்ம பொறியியல் பட்டதாரிகளில் 80 சதவீதம் பேர் வேலைக்கு லாயக்கில்லை என்று ஒரு வாசகம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கல்லூரிகளைப் பற்றி யார் பேசினாலும் பாதியில் இது வந்துவிடும். எங்கிருந்து வந்த எண் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் இருந்து வந்தது. அதற்கு முன்னால் 2005-இல் மெக்கின்சி, நாலில் ஒரு இந்தியப் பொறியாளர்தான் தேறுவார் என்றது. பன்னாட்டு நிறுவனங்களின் வேலைக்கு என்பதுதான் அதில் அளவுகோல். மேற்கோள் காட்டினவர்கள் அந்தச் சொல்லைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் கதை வேறு. அவர்கள் ஆம்கேட் என்று ஒரு தேர்வு நடத்தியவர்கள். மாணவர்கள் காசு கட்டி எழுதுவது அது. பட்டத்தை நம்பாதே என்று சொல்வதால் யாருடைய தேர்வு விலைபோகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதனால் அறிக்கை பொய் ஆகிவிடாது. இறுதியாண்டு ப்ராஜெக்டையே ரெடிமேடாக விற்கிற சென்டர்கள் இருக்கிற ஊர் இது. ஐந்நூறுக்கு மேல் பொறியியல் கல்லூரிகள் முளைத்த காலத்தில் பாடம் நடத்த ஆள் கிடைக்காமல், போன வருஷம் பாஸ் ஆனவரையே இந்த வருஷம் வகுப்பெடுக்க நிறுத்தினார்கள். தரம் சரிந்தது உண்மைதான். ஆனா நிறுவனங்கள் தரத்தைப் பார்த்தா ஆள் எடுத்தன?

கேம்பஸ் இன்டர்வியூ விதியை ஞாபகப்படுத்திக்கொள்வோம். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம். நிலுவையில் அரியர் கூடாது. சிவில், மெக்கானிக்கல் எதுவானாலும் பரவாயில்லை. சிவில் படித்த பையனை எடுத்து, மைசூரு மாதிரி ஒரு வளாகத்தில் மாதக்கணக்கில் உட்காரவைத்து ஜாவா சொல்லிக்கொடுத்தார்கள். நாலு வருஷம் அவன் படித்த கான்கிரீட்டும் மண்ணியலும் யாருக்கும் தேவைப்படவில்லை. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய கட்டுரை சொல்வது இதைத்தான்: பட்டம் ஒரு சமிக்ஞை. உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட, இதைக் கடந்து வந்தவன் சொன்னதைக் கற்றுக்கொள்வான் என்ற அடையாளத்துக்குத்தான் முதலாளி சம்பளம் தருகிறார். பையன்களும் மக்கு இல்லை. மார்க்கும் அரியரும்தான் கணக்கென்றால் அதற்கு மட்டும் படித்தார்கள். பிறகு திறமை எங்கே என்று தேடுவது என்ன நியாயம்?

சம்பளத்தையும் பாருங்கள். 2010 வாக்கில் பெரிய ஐடி நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு வருஷத்துக்கு மூன்று லட்சத்துச் சொச்சம். பத்து வருஷம் கழித்தும் மூன்றரையைச் சுற்றியே. சென்னையில் வீட்டு வாடகை அதே இடத்தில் நின்றதா? திறமைக்கு நிஜமாகவே பஞ்சம் என்றால் கூலி ஏறியிருக்கும்.

இந்த இடத்தில் ரொனால்ட் டோர் 1976-இல் எழுதிய 'த டிப்ளோமா டிசீஸ்' உதவுகிறது. ஜப்பான், இங்கிலாந்து, கென்யாவோடு இலங்கையையும் எடுத்துக்கொண்டு அலசிய புத்தகம். தாமதமாக வளர ஆரம்பித்த நாடுகளில் சான்றிதழ் மோகம் இன்னும் வேகமாக ஏறும் என்பது அவர் வாதம். வேலை குறைவு, பட்டதாரி அதிகம் என்றால் அதே வேலைக்குக் கேட்கிற தகுதி உயர்ந்துகொண்டே போகும். வேலை என்னவோ மாறியிருக்காது. 2019-இல் தமிழகச் சட்டமன்றச் செயலகத்தில் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு நாலாயிரத்துக்கு மேல் விண்ணப்பம், எம்.டெக்., எம்.பி.ஏ. படித்தவர்களும் போட்டிருந்தார்கள். பலர் சிரித்தார்கள். விண்ணப்பித்தவர்கள் கணக்குப் போட்டுத்தான் விண்ணப்பித்திருப்பார்கள்.

எனக்குக் கோபம் வருவது 'டிகிரியை விடு, ஸ்கில் போதும்' என்கிற அறிவுரை மேல். மேடையில் சொல்கிறவருக்குப் பெரும்பாலும் இரண்டு டிகிரி இருக்கும், பிள்ளை ஐஐடி கோச்சிங்கில் இருக்கும். தமிழ்நாட்டில் 2010-இல் இருந்து முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம், நாட்டின் சராசரி 28தான். அந்த வீடுகளில் இருந்து வருகிற பெண், ஆன்லைன் விண்ணப்பத்தில் 'பட்டம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. அவள் திறமையை யாரிடம் காட்டுவாள்? எல்லாரும் வாங்கியதால் மதிப்பிழந்த பொருளை அவள் மட்டும் வாங்காமல் இருந்தால் அவளுக்குத்தான் நஷ்டம்.

டோர் சொன்ன மாற்று, சீக்கிரமே வேலையில் சேர்த்துக்கொண்டு வேலையோடு கற்பிப்பது. எச்சிஎல் 2017-இல் தொடங்கிய டெக்பீ கிட்டத்தட்ட அதுதான்: பன்னிரண்டாவது முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிறார்கள். அங்கேயும் வேலையோடு சேர்த்து ஒரு பல்கலைக்கழகப் பட்டத்துக்கு ஏற்பாடு செய்துதான் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. காரணம் சாதாரணம். நாளைக்கு வேறு கம்பெனி மாறினால் அந்தக் கட்டம் திரும்ப வரும். அமெரிக்கா போக ஹெச்1பி விசாவுக்கும் பட்டமோ அதற்கு ஈடான தகுதியோ கேட்பார்கள்.