கோல நோட்டில் இருக்கும் பெயர்கள்

திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலை நெரிசலுக்குப் பயந்து குறுக்கு வழி தேடும் லாரிகள் எங்கள் தெருவுக்குள் நுழையும். அவை வருவதற்கு முன்பே அம்மா வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, 15 புள்ளி வைத்துவிடுவாள். நேர்ப்புள்ளி. நடுவில் 15, இரு பக்கமும் 13, 11 என்று 1 வரை குறையும். அதன் விளிம்பு படிக்கட்டு போல இறங்கும்.

மெக்சிகோவில் மித்லா கட்டடங்களின் படத்தைக் கல்லூரி நூலகத்தில் பார்த்தபோது அந்தப் படிக்கட்டுதான் கண்ணில் பட்டது. படியும் சுருளும் சேர்ந்த வடிவம். சிறு சிறு கற்களை வெட்டி, சாந்து பூசாமல் பொருத்தியிருக்கிறார்கள். நஹுவாட்ல் மொழியில் அந்த வடிவத்துக்குத் தனிப்பெயரே உண்டு: ஷிகால்கோலியூகி. எனக்குப் பொறாமையாக இருந்தது. கல்லில் இருந்தால் கலை, மாவில் இருந்தால் வீட்டு வேலையா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினேன். பெண்களின் கலைக்குப் பெயர் இல்லை என்று முடித்தேன்.

இன்று அந்த வாதம் எனக்குப் போதவில்லை. அந்தப் படிச்சுருள் துணியிலும் உண்டு. இடுப்பில் கட்டி நெய்யும் தறி அங்கே பெண்களுடையது. அவர்களைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

சென்னையில் 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் மூவரும் கோலத்தை விதிகளால் ஆன ஒரு மொழியாகக் கணினி அறிவியலில் எழுதினார்கள். மூவரில் இருவர் பெண்கள். கோலம் வெறும் அலங்காரம் அல்ல, கணக்கு என்று காட்டிய வேலை அது. அதன் பிறகும் கோலத்தை ‘அழியும் கலை’ என்று உருகிப் பாராட்டுபவர்கள் குறையவில்லை. எங்கள் தெருவில் அதை அழிப்பது லாரிச் சக்கரம். மறுநாள் மறுபடி குனிவது அம்மா. வீட்டுக்கு விலக்கான நாட்களில் அவள் மாவைத் தொடக்கூடாது என்பது பாட்டி வைத்த சட்டம். இதையெல்லாம் விட்டுவிட்டு எழுதும் பாராட்டு யாருக்கு உதவும்?

போன மார்கழியில்தான் அம்மாவின் கோல நோட்டை முழுதாகப் புரட்டினேன். ‘ராயபுரம் அத்தை, 15 புள்ளி.’ ‘மூணாவது வீட்டு அக்கா.’ ஒரு பக்கத்தில் பஸ் டிக்கெட் ஒட்டியிருந்தது. அதன் பின்புறம் ஒரு சிக்குக் கோலம், கீழே ‘எண்ணூர் பஸ்ஸில் வந்த பொண்ணு.’ யாரிடம் கற்றது என்று எழுதாத கோலம் ஒன்றுகூட இல்லை.

என் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருந்தது. நான் அதை எழுதிய நாளிலும் இந்த நோட்டு எங்கள் அடுப்படி அலமாரியில்தான் இருந்தது.