நாங்களா, நாமா? ஊர்ப்பெருமையை ரசிப்பது எப்படி

திருவனந்தபுரம் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கேகோட்டைப் பக்கம் நடந்தால், கோட்டை வாசல் வருவதற்குச் சற்று முன்னால் பழவங்காடி. தமிழ்க் காது இந்தப் பெயரைக் கேட்டதுமே பிரித்துப் போட்டுவிடும்: பழ, அங்காடி, நடுவில் ஓர் உடம்படுமெய். பழம் விற்ற கடைத்தெருவா, பழைய கடைத்தெருவா என்பது மட்டும்தான் பாக்கி. சிலப்பதிகாரத்தில் நாளங்காடி, அல்லங்காடி என்று வரும் அந்தச் சொல், தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலும் அரசுப் பலகைகளில்தான் உயிரோடிருக்கிறது, நியாயவிலை அங்காடி என்று. மலையாளத்தில் அது இன்னும் காய்கறிப் பையோடு போய்வருகிற சொல். ‘பார், எங்கள் சொல்’ என்று தமிழர் நெஞ்சை நிமிர்த்தலாம். ‘நீங்கள் தொலைத்ததை நாங்கள் வைத்துக் காப்பாற்றுகிறோம்’ என்று மலையாளி திருப்பிக் கொடுக்கலாம். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சை ரசிக்க வந்தவர் அங்காடியை விட்டுவிட்டு, ‘எங்கள்’, ‘நாங்கள்’ என்பவற்றின்மேல் காதை வைக்க வேண்டும்.

தமிழுக்கும் மலையாளத்துக்கும் ஒரு பொதுச் சொத்து உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, வெளியே நிறுத்திவிட்டால் ‘நாங்கள்’. அங்கே ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது. நமக்கோ வாயைத் திறந்தவுடனேயே வேலி போட்டாக வேண்டும். ‘எங்க ஊரு’ என்பதா ‘நம்ம ஊரு’ என்பதா என்று முடிவு செய்யாமல் ஒருவரும் ஊரைப் பற்றிப் பேச முடியாது. ஊர்ப்பெருமையின் ருசி முழுக்க இந்த வேலியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பேசுபவர் சொல்லும் பெருமை உண்மையா என்று சரிபார்ப்பது வரலாற்றாசிரியர் வேலை. ரசிகர் கவனிக்க வேண்டியது வேறு: வேலி எங்கே ஓடுகிறது, உள்ளே யார் நிற்கிறார், பேச்சு நீள நீள அது நகர்கிறதா. பழவங்காடியைச் சுற்றி இதற்குக் கிடைக்கும் சான்றுகள் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்காது.

முதல் சான்று பழவங்காடிப் பிள்ளையாரே. விடிந்ததிலிருந்து தேங்காய் உடைந்துகொண்டே இருக்கும் இந்தக் கோயில், திருவனந்தபுரத்தார் தங்கள் ஊருக்கு அடையாளமாகச் சொல்லும் இடங்களில் ஒன்று. ஆனால் இந்தப் பிள்ளையார் அந்த ஊர்க்காரர் இல்லை. பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர்ப் படைவீரர்கள் கும்பிட்ட தெய்வம்; பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது சிப்பாய்களோடு அவரும் இடம் மாறினார். கோயில் இன்றும் இந்திய ராணுவத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. அவர் விட்டுவந்த பத்மநாபபுரம் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டுப் பக்கம். ஆனால் அங்குள்ள அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் சிலையாக நிற்கும் வேலுத்தம்பி தளவாய் கேரளத்தின் விடுதலை வீரர். அவர் பிறந்த தலக்குளம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே ‘இது எங்களுடையது’ என்று ஒருவர் ஆரம்பித்தால், ‘எப்படி இங்கே வந்தது?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சிலர் முகம் சுருங்கும். வேறு சிலர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல, வந்த வழி, தங்கிய சத்திரம், தூக்கி வந்தவர் பரம்பரை என்று எல்லாம் சொல்லித் தீர்ப்பார்கள். இரண்டாமவர் பெருமைதான் கேட்கத் தக்கது. வந்து சேர்ந்த கதைக்கு இடம் வைத்திருக்கிற பெருமைக்கு ஆயுள் அதிகம்.

இரண்டாவது சான்று ஓர் ஆண்டு: 1891. அந்த ஒரே ஆண்டில் திருவனந்தபுரத்தில் மூன்று வேலிகள் எழுந்தன. மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த, ஆலப்புழையில் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ தமிழில் வெளிவந்தது. அதே ஊரில் வாழ்ந்த சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ மலையாளத்தில் வெளிவந்தது. திருவிதாங்கூரை உருவாக்கிய அரசனின் இளமைக் காலத்தை நாவலாக்கிய புத்தகம். ஜனவரியில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியல் என்ற விண்ணப்பம் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் போனது. வெளியிலிருந்து வந்த ‘பரதேசி’களுக்கு, அதாவது பெரும்பாலும் தமிழ்ப் பிராமணர்களுக்கு, பெரிய உத்தியோகங்கள் போகின்றன, மண்ணின் மக்களுக்கு இடமில்லை என்பது அதன் முறையீடு. திருவிதாங்கூர் திருவிதாங்கூராருக்கே என்பது அந்த இயக்கத்தின் குரல். இன்றைய அரசியல் மேடைகளில் கேட்பது எல்லாம் அப்போதே இருந்திருக்கிறது, தாடி மீசை மட்டும் வேறு.

இதில் சுந்தரம் பிள்ளையை எந்தப் பக்கம் நிறுத்துவது? அந்த நூலில் தமிழுக்குத் தெய்வ வணக்கம் பாடியவர் அவர். திருவிதாங்கூரின் முற்கால மன்னர்களைக் கல்வெட்டுகளிலிருந்து தேடி எடுத்து ஆங்கிலத்தில் எழுதியவரும் அவரே. இரண்டு பெருமையும் அவரிடம் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளவில்லை. முட்டல் பின்னால் வந்தது. அவருடைய வாழ்த்து 1970-இல் தமிழ்நாட்டு அரசு விழாக்களுக்குரிய பாடலானபோது, மலையாளம் உள்ளிட்ட மொழிகள் தமிழின் வயிற்றில் பிறந்தவை என்று சொல்லும் பகுதி விடப்பட்டது. திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து எழுதிய ஒருவருக்கு அது குடும்பப் பேச்சாக இருந்திருக்கலாம். மாநில எல்லைகள் வந்த பிறகு அதே பேச்சு பக்கத்து வீட்டார்மேல் உரிமை கொண்டாடுவதாகக் கேட்கும். பாடியவர் ‘நாம்’ என்று நினைத்தது, கேட்பவர் காதில் ‘நாங்கள்’ என்று விழுந்தது. விட்டதை நான் குறை சொல்லமாட்டேன். வேலி நகர்ந்ததைப் புரிந்துகொண்டவர்கள் செய்த காரியம் அது.

மலையாளி மெமோரியலின் வேலியும் நெடுநாள் ஒரே இடத்தில் நிற்கவில்லை. அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் டாக்டர் பல்பு. திருவனந்தபுரம் பேட்டையில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர், ஈழவர் என்பதால் சொந்த சமஸ்தானத்தில் வேலை மறுக்கப்பட்டு மைசூருக்குப் போனவர். 1896-இல் 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவ மெமோரியல் அவருடைய முயற்சியால் எழுந்தது. மண்ணின் மக்கள் என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன் முழங்கிய ‘நாம்’ தங்களைக் கணக்கில் வைக்கவில்லை என்பதுதான் அதன் உட்பொருள். ஊர்ப்பெருமையைக் கேட்கும்போது பேசப்படாத பெயர்கள் யாருடையவை என்று மனத்துக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். கோயில், அரண்மனை, குளம் என்று அடுக்குகிறவர் அவற்றுக்குள் நுழைய விடப்படாதவர்களையும் ‘எங்கள் ஊர்க்காரர்’ என்கிறாரா?

இதுவரை சொன்னது காகிதத்தில் உள்ளது. நாக்கில் உள்ளது இன்னும் ருசி. கிழங்கு ஒன்றுதான். கோட்டயத்தில் கப்ப, திருச்சூரில் கொள்ளி, மலபாரில் பூள. திருவனந்தபுரத்தில் மரச்சீனி, களியக்காவிளை தாண்டி மாநிலம் மாறிய பிறகும், குமரி மாவட்டத்தில் மரச்சீனியேதான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால்தான் அது மரவள்ளி ஆகிறது, சேலத்துப் பக்கம் குச்சிக்கிழங்கு. விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். அந்தப் பழைய ராஜ்ஜியத்தின் தென்பாதி இன்றும் கிழங்கின் பெயரில் சேர்ந்தே இருக்கிறது. பலாவைச் சக்கை என்பதும், குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்பதும் இதே கதை. சென்னைக்காரருக்கு முன்னது பிழிந்து எறிந்த மிச்சம், பின்னது டிசம்பர் மாதத்துப் பயம். திருவனந்தபுரத்துக் கல்யாணச் சாப்பாட்டில் பாயசத்தோடு போளி வரும். இலையில் போளியைப் பிசைந்து பால் பாயசம் ஊற்றிச் சாப்பிடுவதை அந்த ஊர்க்காரர் சொல்லக் கேட்க வேண்டும். வட கேரளத்தவருக்கு இது விளங்காது, விளங்கக் கூடாது என்பதே சொல்பவரின் ஆசை. போளி தமிழ் வீட்டிலும் மராட்டிய வீட்டிலும் உண்டு என்று நீங்கள் நினைவூட்டலாம். நினைவூட்டாமல் இருப்பது மேல். பெருமை போளியைப் பற்றியது இல்லை, சேர்மானத்தைப் பற்றியது.

எண்ணில் பேசும் பெருமை எனக்கு அவ்வளவு ஒட்டுவதில்லை. ஆற்றுகால் பொங்காலைக்கு 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடினார்கள் என்று கின்னஸ் புத்தகம் பதிந்தது. ஊர்க்காரர் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்லட்டும். ஆனால் அதே பொங்காலைக்கு முன் ஆற்றுகாலில் பாடப்படும் தோற்றம்பாட்டு மதுரையை எரித்த கண்ணகியின் கதை என்று ஒருவர் சொல்லும்போது, எண் தர முடியாத ஒன்று கையில் கிடைக்கிறது. எந்த ஊரும் இன்னும் பெரிய கூட்டத்தைக் கூட்டிவிடலாம். கண்ணகியை அந்த விதமாக வரவேற்க எல்லா ஊராலும் முடியாது.

வசையும் இந்தக் கலையின் ஒரு பகுதி, மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கேட்டாக வேண்டும். தெற்கத்தியானையும் நல்லபாம்பையும் சேர்ந்து பார்த்தால் முதலில் அடிக்க வேண்டியது தெற்கத்தியானைத்தான் என்று கேரளத்தில் ஒரு சொலவடை உண்டு. யார் இந்தத் தெற்கத்தியான்? மலபார்க்காரரைக் கேட்டால் பாதி கேரளமே அதில் அடங்கிவிடும். கொல்லத்தாரைக் கேட்டால் அது திருவனந்தபுரம். திருவனந்தபுரத்தாரோ நெய்யாற்றின்கரைப் பக்கம் கை காட்டுவார். அதற்கும் தெற்கே உள்ளவர் ‘பாண்டி’. வேடிக்கை என்னவென்றால், நாஞ்சில் நாட்டுத் தமிழரும் கணவாய்க்கு அப்பாலிருந்து வந்த திருநெல்வேலித் தமிழரைப் ‘பாண்டிக்காரன்’ என்றே சொல்லிவந்தார்கள். வசையைத் துரத்திக்கொண்டு போனால் அது கடைசி வரை அடுத்த ஊரில்தான் இருக்கும். திருவனந்தபுரப் பேச்சுக்கு நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. ‘எந்தரு’ என்று கேட்பதும், பிள்ளையை ‘அப்பி’ என்று கொஞ்சுவதும் மற்ற மலையாளிகளுக்கு நெடுங்காலம் சிரிப்பு; ‘அப்பி’ அவர்களுக்குக் குழந்தை கழிக்கும் மலம். 2005-இல் ‘ராஜமாணிக்யம்’ படத்தில் மம்மூட்டி அந்தப் பேச்சைப் பேசினார், வெஞ்ஞாறமூடு என்ற தன் ஊரையே பெயராக வைத்துக்கொண்ட சுராஜ் படத்துக்குப் படம் பேசினார். கேலியாகத் தொடங்கியதைத் திருவனந்தபுரத்தார் தாங்களே எடுத்துக் கொடியாகப் பிடித்துக்கொண்டார்கள். ‘அவனுங்க’ சிரித்த சொல்லை ‘நாங்க’ பிடுங்கிக்கொண்ட கதை.

இப்படி உட்கார்ந்து ரசிப்பதற்கு இது என்ன சங்கீதக் கச்சேரியா என்று ஒருவர் கேட்டால், கேள்வி நியாயமானதே. 1954 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரியவர்கள்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அந்தக் கோரிக்கையை நடத்திய மார்ஷல் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸும் ‘நாங்கள்’ என்று சொன்னது பள்ளி, கச்சேரி, உத்தியோகம் எல்லாம் தம் மொழியில் வேண்டும் என்பதற்காக. அதை ருசிப் பொருளாக்குவது தவறு. ஆனால் நான் ரசிக்கச் சொல்வது கைதட்டுவதை இல்லை, கூர்ந்து கேட்பதை. கூர்ந்து கேட்டவருக்குத்தான் கோரிக்கைக்கான ‘நாங்கள்’ எது, மூர்க்கத்துக்கான ‘நாங்கள்’ எது என்று பிரித்தறிய முடியும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழகத்துக்கு வந்த பிறகும் குமரித் தமிழர் மரச்சீனியையும் வெள்ளத்தையும் விட்டுவிடவில்லை. கேட்டது ஆட்சி மாற்றம்; நாக்கை மாற்றிக்கொள்வதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்னொரு மறுப்பு, பெரிய மனசுக்காரர்களிடமிருந்து வரும்: எல்லா ஊரும் நம் ஊர்தானே, இந்தச் சின்னப் பெருமை எதற்கு? அப்படிப் பாடிய சங்கப் புலவரை நாம் அறிவதே பூங்குன்றனார் என்ற ஊர்ப்பெயரால்தான். சிறிய ஊர் ஒன்றில் கால் ஊன்றாமல் யாரும் பெரிய ஊரைத் தொட்டதில்லை. திருவனந்தபுரத்துச் சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே அந்தச் சாலைக் கம்போளத்தைத் தமிழ்க் கதைகளாக எழுதிய ஆ. மாதவனும், ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலில் திருவனந்தபுரத்தையே கதைக்களமாக்கிய நீல பத்மநாபனும் மலையாள நகரத்தைத் தமிழில் ‘எங்கள் ஊர்’ என்று சொன்னவர்கள். அந்த ‘எங்கள்’ யாரையும் வெளியே தள்ளவில்லை. சொந்த மண்ணைக் கண்ணால் பார்க்காத தலைமுறைக்கு ஊர் எங்கே என்கிறீர்களா? சிங்கப்பூர்த் தமிழர் ‘ஊருக்குப் போறேன்’ என்றால் ஒரு தேசமே ஊராகிறது. வளைகுடா மலையாளி ‘நாட்டில்’ என்றால் ஒரு வீட்டு முற்றம் நாடாகிறது. தூரம் ஊரை அழிப்பதில்லை, அளவை மாற்றுகிறது.

பயிற்சிக்கு ஏற்ற காலம் நவராத்திரிக்குச் சற்று முன். பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், குமாரகோயில் முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். சரஸ்வதி கம்பர் கும்பிட்ட விக்கிரகம் என்பது மரபு. முதல் இரவு குழித்துறை, அடுத்தது நெய்யாற்றின்கரை, பிறகு கரமனை வழியாகக் கிழக்கேகோட்டை. முருகன் ஆரியசாலையில் தங்குகிறார், நங்கை செந்திட்டையில். இரண்டு மாநிலப் போலீசாரும் மரியாதை செய்கிறார்கள்; களியக்காவிளையில் ஓர் அரசிடமிருந்து இன்னொரு அரசின் பொறுப்புக்குத் தெய்வங்கள் மாறுகின்றன. விஜயதசமிக்குப் பிறகு திரும்பிப் போய்விடுவார்கள். கரமனையிலோ கிழக்கேகோட்டையிலோ ஓரமாக நின்றுகொள்ளுங்கள். மேளத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்பவர் குமரியிலிருந்து வந்த அந்த முருகனை ‘எங்க முருகன்’ என்கிறாரா, ‘நம்ம முருகன்’ என்கிறாரா என்பதை மட்டும் கேளுங்கள்.