போகித் துப்புரவு: நெருப்பைத் தாண்டிய ஒரு மதிப்பீடு

புத்தாண்டையோ அறுவடையையோ ஒட்டி வீட்டைக் காலிசெய்து துப்புரவாக்கும் வழக்கம் பல சமூகங்களில் உண்டு. ஈரானியர் நவ்ரூஸ் திருநாளுக்கு முன்பும், சீனர் தம் புத்தாண்டுக்கு முன்பும், ஜப்பானியர் 'ஓசோஜி' எனப்படும் ஆண்டிறுதிப் பெருந்துப்புரவின்போதும் இதையே செய்கின்றனர். மார்கழியின் கடைசி நாளான போகி இவற்றோடு ஒத்ததே என்றாலும், கழித்த பொருளை விடியற்காலையில் வாசலிலோ தெருமுனையிலோ இட்டு எரிப்பதால் தனித்து நிற்கிறது. எரிப்பு என்னும் இந்த ஒரு கூறே போகியைப் பற்றிய பேச்சு முழுவதையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டதால், ஒருசாரார் அதை மரபு என்று காப்பதும் மறுசாரார் மாசு என்று கண்டிப்பதுமாகவே ஒவ்வொரு தை மாதமும் பிறக்கிறது. வீட்டுப் பொருள்களை ஒழுங்குசெய்யும் ஒரு முறை என்ற அளவில் போகியின் தகுதி என்ன, குறை என்ன என்னும் கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. எழுப்பினால், போகியின் உண்மையான வலிமை நெருப்பில் இல்லை, நாளில் இருக்கிறது என்பது புலப்படும்.

வேளாண் குடும்பத்தின் ஆண்டு நடப்பில் இந்நாள் அமைந்திருக்கும் இடமே அதன் பயனைக் காட்டிவிடுகிறது. சம்பா அறுவடையின் நெல் வீடு வந்து சேரும் காலத்தில், நெல்லைச் சேமிக்கும் மண்கலமான குதிரைத் துடைத்து வைக்க வேண்டும். அந்தும் வண்டும் பற்றிய பழைய கூடைகளையும் சாக்குகளையும் அப்புறப்படுத்த வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பும் தரைக்குச் சாணமும் புதிதாகப் பூச வேண்டும். கொங்கு வட்டாரத்தில் இந்நாளில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்து வீட்டு முகப்பிலும் தொழுவத்திலும் வயலிலும் செருகும் காப்புக் கட்டு நடப்பது, வீடும் விளைநிலமும் ஒரே துப்புரவு எல்லைக்குள் எண்ணப்பட்டதைக் காட்டுகிறது. புதியது வருகிறது, ஆகவே இடம் வேண்டும் என்னும் தேவை கண்முன் நின்றதால், எதைக் கழிப்பது என்ற கேள்விக்கு விடை காண்பதும் எளிதாக இருந்தது.

தேவை மறைந்த பிறகும் நாள் நிலைத்திருப்பது சிறிய நன்மையன்று. கைவசம் உள்ள பொருளை மனிதர் அதன் சந்தை மதிப்பைவிடக் கூடுதலாக மதிக்கின்றனர் என்பது பொருளியலில் நன்கு ஆராயப்பட்ட செய்தி. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் காப்பிக் குவளை ஒன்றைப் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, பெறாதவர்கள் அதை வாங்கத் தரவிரும்பிய விலையைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சில நிமிடம் கையிலிருந்த குவளைக்கே இந்த நிலை என்றால், இருபது ஆண்டு பரணில் கிடந்த வெண்கலப் பானைக்கும், என்றோ தைக்கலாம் என்று வைத்த துணிக்கும் மனம் எவ்வளவு மதிப்பிடும் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய பற்றைத் தனிமனித மன உறுதி ஒன்றை மட்டுமே கொண்டு வெல்வது அரிது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு நாள், தெரு முழுவதும் அதே வேலையில் இருக்கும் சூழலோடு வரும்போது, முடிவெடுக்கும் சுமையில் ஒரு பகுதியைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது.

இந்த இடத்தில், இக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற ஒழுங்குமுறையோடு போகியை ஒப்பிடுவது தகும். ஜப்பானைச் சேர்ந்த மேரி கொண்டோ 2010-இல் தம் மொழியில் வெளியிட்டு, 2014-இல் ஆங்கிலத்தில் வந்து உலகெங்கும் பரவிய நூலில் கூறும் முறைப்படி, பொருள்களை அறை வாரியாக அல்லாமல் வகை வாரியாக எடுக்க வேண்டும். வீட்டிலுள்ள உடைகள் அனைத்தையும் ஒரே குவியலாக்கி, ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, அது மகிழ்ச்சி தருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நூல்கள், தாள்கள், சில்லறைப் பொருள்கள் என்று சென்று, நினைவுப் பொருள்களை இறுதியில் எடுக்க வேண்டும். எளியதில் தொடங்கி அரியதில் முடியும் இந்த வரிசையும், தன்னிடம் உள்ளதன் அளவைக் கண்ணால் காணச்செய்யும் அந்தக் குவியலும் போகியில் இல்லாத நுட்பங்கள். இவ்வகையில் கொண்டோவின் முறை மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால், முறையாக ஒருமுறை செய்துவிட்டால் வீடு மீண்டும் குலையாது என்பது அவருடைய நூலின் முதன்மையான வாக்குறுதிகளுள் ஒன்று. மூன்றாவது குழந்தை பிறந்த பின் வீட்டு ஒழுங்கில் முன்போல் முனைய முடியவில்லை என்று அவரே 2023-இல் வெளிப்படையாகச் சொன்னார். அது அவருக்குப் பெருமை சேர்க்கும் நேர்மை, அவ்வாக்குறுதியைத் தளர்த்தும் சான்றும்கூட. வீடு குலையும், மீண்டும் மீண்டும் குலையும், அதற்கென ஒரு நாளை ஒதுக்கி வைப்போம் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கும் போகியே இங்கு வாழ்க்கையைச் சரியாகக் கணித்திருக்கிறது.

எனினும் நாளின் நன்மை எல்லோர்க்கும் ஒரே அளவில் சேரவில்லை. இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், அவ்வாறு ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். போகி இந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பதில்லை, ஓரிரு நாள்களுக்குள் செறிவாக்குகிறது. பரணிலிருந்து இறக்குவதும் பிரிப்பதும் துடைத்து மீண்டும் அடுக்குவதும் பெண்களின் கையில் நடக்க, மேளம் கொட்டுவதும் தீ மூட்டுவதுமே வெளியில் தெரியும் சடங்காகின்றன. கொண்டாட்டம் வேலையின் கடைசிக் கணத்தை மட்டும் போற்றுவதால், அதற்கு முந்தைய பல மணி நேர உழைப்பு பங்கிடப்பட வேண்டிய ஒன்றாகவே எவர் கண்ணுக்கும் படாமல் போகிறது.

நெருப்பைப் பற்றிய வாதத்தில் பொருள்களின் இயல்பைக் கணக்கில் கொள்வது இன்றியமையாதது. கோரைப்பாய், ஈர்க்குத் துடைப்பம், மூங்கில் கூடை, பனையோலை முறம், பழைய கூரையின் கீற்று ஆகியவை அனைத்தும் நிலத்தில் விளைந்தவை. ஓரிரு ஆண்டில் தேய்ந்து, எரித்தால் சாம்பலாகி உரக்குழிக்குச் சென்றவை. இவற்றின் புகையும் நுரையீரலுக்கு நன்மை செய்ததன்று; ஆயினும் எரிந்தவற்றின் அளவும் வகையும் வேறு. இன்றைய வீட்டின் கழிவில் நெகிழிப் பாயும் செயற்கை இழைத் துணியும் மின்கம்பி உறையும் இருக்கின்றன. தெருவில் டயரும் சேர்ந்துகொள்கிறது. பிவிசி எனப்படும் குளோரின் கலந்த நெகிழி திறந்த வெளியில் எரியும்போது டையாக்சின்கள் உருவாகின்றன. இவை சிதையாமல் நெடுங்காலம் சூழலில் தங்கி, உணவு வழியாக உடல் கொழுப்பில் சேரும் நச்சுச் சேர்மங்கள். 2001-இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை கட்டுப்படுத்த முனைந்தவற்றுள் இவையும் அடங்கும். இதன்மேல் காலநிலையும் எதிராக நிற்கிறது. மார்கழி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலடுக்கு வெப்பமாகவும் இருக்கும் வெப்பத் தலைகீழ் நிலையில், புகை மேலெழ வழியின்றிப் பனியோடு கலந்து தெருவிலேயே தங்கிவிடுகிறது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் பார்வைத் தெளிவு குன்றி விமானங்கள் தாமதமானதும் வேறு நகரங்களுக்குத் திருப்பப்பட்டதும் இதன் விளைவே. விமானம் தாமதமாவது செய்தியாகிறது. அந்தக் காலையில் மூச்சுக்குத் திணறும் ஆஸ்துமாக் குழந்தைகளின் இரைப்பு வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

மாசைவிடக் குறைவாகப் பேசப்படும், ஆனால் அதனினும் ஆழமான குறை ஒன்று உண்டு. பொருளின் வயதையே அதன் தகுதிக்கு அளவுகோலாகக் கொள்ளும்போது, பழையது வேறு, பயனற்றது வேறு என்னும் பகுப்பு அழிகிறது. உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடி தேடிச் சென்ற ஊர்களில் அறிந்ததைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்: கரிவலம்வந்தநல்லூரில், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடுவதே முறை என்று கருதி அழித்திருந்தனர்; வேறிடத்தில் ஆடிப்பெருக்கின்போது சுவடிகளை ஆற்று நீரில் விட்டிருந்தனர். இவை போகியில் நிகழ்ந்தவை அல்ல. ஆயினும் கழித்தலைப் புனிதச் செயலாக்கும் மனப்பான்மை ஒன்றே. அழித்தவர்கள் அறிவிலிகளோ தீயவர்களோ அல்லர். பொருளை மதித்ததாகவே அவர்கள் எண்ணினர் என்பதே இதில் மிக வருந்தத்தக்கது. இதற்கு நேர்மாறாக, கோட்டையூரில் ரோஜா முத்தையா பிறர் பொருட்படுத்தாத பழைய நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்ததால்தான், அவர் மறைவுக்குப் பின் 1994-இல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகம் தமிழ் ஆய்வுக்கு இன்றியமையாத இடமாயிற்று. நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட வீடு என்று இன்றைய நூல்கள் சொல்லும் இலக்கணத்துக்கு அவருடைய வீடு பொருந்தியிருக்குமா என்பது ஐயமே. வீட்டுக்கு வீடு நூலகம் அமைக்க இயலாது என்பது உண்மை. ஆனால் பாட்டியின் கடிதக் கட்டும், தாத்தாவின் கணக்கு நோட்டும், பழைய நிலப் பத்திரமும், பெயர் எழுதப்படாத புகைப்படமும், குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை எந்தக் குவியலிலும் சேரக் கூடாது. திரும்பப் பெறவே இயலாத முடிவை விடியற்காலை அவசரத்தில் எடுக்கவைக்கும் வழிமுறையில் இந்தப் பாதுகாப்புக்கு இடமில்லை.

நெருப்பின் மற்றொரு தீங்கு, பிரித்தல் என்னும் நடு வேலையை அது தேவையற்றதாக்குவது. பழைய பேப்பர்க் கடைக்குத் தாளும், காயலான் கடைக்கு இரும்பும், பழைய துணிக்குப் பாத்திரம் தரும் தெரு வணிகரிடம் புடவையும் சென்ற ஏற்பாட்டில், வேறொருவர் கையில் பொருளுக்கு மறுவாழ்வு இருந்தது; விற்பவருக்கு ஒவ்வொரு பொருளின் மதிப்பையும் எண்ணிப் பார்க்கும் கட்டாயமும் இருந்தது. எரிப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. எண்ணிப் பாராமல் எரித்தவர், அதே பொருளை மறுபடி வாங்கும்போதும் எண்ணிப் பார்ப்பதில்லை. போகிக்கு மறுநாள் பொங்கல் தள்ளுபடி விற்பனையில் புதிதாக வாங்கப்படுபவை, காலிசெய்த இடத்தை அந்த வாரமே நிரப்பிவிடுவதும் இதனால்தான்.

அண்மை ஆண்டுகளில் பெருநகரச் சென்னை மாநகராட்சி, போகிக்கு முந்தைய நாள்களில் பழைய துணி, டயர், நெகிழி போன்றவற்றைத் தனியே பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்துவருகிறது. 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதைத் தடைசெய்திருந்தும், தடையால் மட்டும் அடங்காத வழக்கத்துக்கு மாற்று வழி காட்டுவதால் இந்த ஏற்பாடு வரவேற்கத்தக்கது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுசேர்ப்பது, தெருவில் எல்லாம் கலந்து கிடந்த நிலையை வேறிடத்துக்கு மாற்றுவதே ஆகும். பயன்படும் துணி தனியாகவும், மின்னணுக் கழிவு தனியாகவும், எழுத்துள்ள தாள்கள் தனியாகவும் பெறப்பட்டு, அவற்றுள் பழைய நூல்களும் ஆவணங்களும் அருகிலுள்ள நூலகரின் பார்வைக்குச் சென்ற பிறகே மறுசுழற்சிக்குப் போகும்படி அமைத்தால், அந்த வண்டி வெறும் குப்பை வண்டியாக இராது. அதற்கு ஒரு காலைப் பொழுது போதாது. மார்கழியின் கடைசி வாரம் முழுவதும் வேண்டும், அந்த வாரத்தில் பரணில் ஏறி இறங்கும் கைகளில் பாதியேனும் ஆண்களுடையவையாக இருக்கவும் வேண்டும்.