வலியின் சொற்பட்டியல்

மொழிபெயர்ப்பு பற்றிய நம் பேச்சு கவிதையை விட்டு நகர்வதில்லை. ரானல்ட் மெல்ஸாக் 1975ல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியலை யாரும் இலக்கியப் பிரதியாகக் கொள்ளப்போவதில்லைதான். ஆனால் சொல்லைத் தவிர வேறு சாட்சியம் இல்லாத ஒன்றை, சொல்லை மட்டும் நம்பி அளக்கத் துணிந்த பிரதி அது. 20 தொகுதிகளில் 78 சொற்கள். தன் வலிக்குப் பொருந்துவதைத் தொகுதிக்கு ஒன்றாக நோயாளி தேர்கிறான். பொருந்தாத தொகுதியை விட்டுவிடுகிறான். ஒவ்வொன்றிலும் சொற்கள் உக்கிரத்தின் ஏறுவரிசையில் நிற்கின்றன. அந்த வரிசை எண்களின் கூட்டுத்தொகை மதிப்பெண்.

சொற்கள் மேஜையில் பிறந்தவை அல்ல. 1971ல் டார்கர்ஸனுடன் சேர்ந்து மெல்ஸாக் 102 சொற்களைத் திரட்டி வகைபிரித்தார். உக்கிரத்தை மருத்துவர்களும் நோயாளிகளும் மாணவர்களும் மதிப்பிட்டார்கள். 1976ல், நோயாளிகள் தேர்ந்த சொற்களை வைத்தே எட்டு வகை வலிநோய்களைப் பெருமளவு பிரித்தறிய முடிந்தது. ஆக, சொல் தவறினால் போவது நயம் மட்டுமல்ல.

வேறு மொழிக்குக் கொண்டுபோக வழக்கமான முறை இது: ஒருவர் மொழிபெயர்ப்பார், மூலத்தைப் பாராத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டு ஆங்கிலமும் ஒத்தால் தேறியது. இந்தச் சோதனையில் எனக்கு நம்பிக்கையில்லை. தமிழில் அது பரிசளிப்பது சப்பையான சொல்லுக்குத்தான். 'த்ராபிங்' என்பதைத் 'துடிக்கும் வலி' என்று எழுதினால் பத்திரமாக வீடு திரும்பும். 'விண் விண்ணென்று தெறிக்கிறது' திரும்பாது. பல்வலிக்காரன் சொல்வதோ இரண்டாவதை. கடுப்பு, குடைச்சல், உளைச்சல் மூன்றும் 'ஏக்' என்ற ஒரே குழியில் விழும்.

இலக்கணமும் இடறுகிறது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதில் தலைதான் எழுவாய். நான் நாலாம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறேன். பட்டியலோ வலியைப் பெயராக்கி அடைமொழி கேட்கிறது. 14ம் தொகுதி 'தண்டிக்கும்' என்று தொடங்குகிறது. 'பெய்ன்' என்பதே தண்டனையைக் குறித்த லத்தீன் சொல்லின் வழி வந்தது. அங்கே அது ரத்தத்தில் இருக்கிறது. நம் 'நோய்' வேறு வழி வந்தது; உடம்பின் பிணியையும் காமத்துப்பாலின் துயரையும் சேர்த்தே சுமப்பது. 'தண்டிக்கும் வலி' என்று அச்சடித்துக் கொடுத்தால் கிழவி வலியை விட்டுவிட்டுத் தன் பூர்வஜென்மத்தை ஆராயத் தொடங்குவாள். 1987ன் சுருக்க வடிவத்தில் மொத்தமே 15 சொற்கள். மன உணர்வுக்கு நான்கு. அவற்றிலும் தண்டனை தப்பிப் பிழைத்திருக்கிறது.

பின்லாந்துக்காரர்கள் 1981ல் பட்டியலைப் பெயர்க்காமல், பின்னிஷ் மொழியின் வலிச் சொற்களைக் கொண்டே புதிதாகக் கட்டினார்கள். அப்படிச் செய்தால் நாடுகளுக்கிடையே மதிப்பெண்களை ஒப்பிட முடியாதே என்பது நியாயமான ஆட்சேபம். ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் பூஜ்யம் முதல் பத்து வரை எண் கேட்டுவிட்டுப் போகலாம். அதற்கு எதற்கு 78 சொற்கள்?

தமிழுக்குள்ளேயே ஒரு பட்டியல் போதுமா என்பது அடுத்த சங்கடம். யாழ்ப்பாணத்தில் தலைவலிக்குப் பெயர் தலையிடி, வயிற்றுவலி வயிற்றுக்குத்து. 'இடிக்கும் வலி' என்று சென்னையில் தயாரித்த தாளை அங்கே நீட்டினால், லேசாகத் தலை கனக்கிறவரும் அதில் குறி போடுவார். முதல் தொகுதியின் உச்ச மதிப்பெண் ஆறு அவர் கணக்கில் ஏறிவிடும்.